நெற்றியும் பிடரியும்: கண்டிச் சீமையில் தலைவலி, அன்றும் இன்றும்

கண்டிச் சீமையில் கடுந்தலைவலி வந்தவரின் கை தானாகப் போகும் இடங்கள் இரண்டு. ஒன்று, புருவத்தின் உள்முனைக்குச் சற்று மேலே உள்ள நெற்றி. மற்றது, கழுத்தும் மண்டையும் சேருகிற பிடரி. கட்டைவிரலால் அழுத்துவார்கள். துணியை முறுக்கி இறுகக் கட்டுவார்கள். தைலத்தைச் சூடு பறக்கத் தேய்ப்பார்கள். ஒற்றைத் தலைவலிக்கென்று இன்று வெளிநாடுகளில் விற்கப்படும் மின்கருவிகளில் ஒன்று அதே நெற்றியில்தான் ஒட்டப்படுகிறது. இன்னொரு சிகிச்சையில் அதே பிடரியின் தோலுக்கடியில்தான் மின்கம்பி வைக்கிறார்கள். நம் பாட்டிமார் விரல் வைத்த இடத்துக்கே விஞ்ஞானமும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் இடையில் நடந்தது ஒரு நீண்ட கதை. அந்தக் கதையின் கடைசிப் பகுதி நம் ஊரில் இன்னும் நடக்கவில்லை.

ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பலோட்டி 1660இல் பிடிபட்டு, 1679இல் தப்பிப் போகும்வரை கண்டி இராச்சியத்துக்குள் வாழ்ந்தவர். 1681இல் வெளிவந்த தன் நூலில் அவர் ஒரு செய்தி சொல்கிறார். இந்த நாட்டில் வைத்தியத்தையே தொழிலாகக் கொண்டவர் என்று தனியாக யாரும் இல்லையாம். ஊரார் எல்லோருக்குமே கொஞ்சம் வைத்தியம் தெரியுமாம். மருந்து இலையும் மரப்பட்டையும்தானாம். நொக்ஸ் பார்த்தது கிராமத்து வீடுகளை. தலைமுறை தலைமுறையாக ஏட்டுச்சுவடியில் மருத்துவம் காத்த சிங்கள வெதமஹத்தயாக்களின் குடும்பங்களும் இந்த மலைகளில் இருந்தன. இன்றும் இருக்கின்றன. அவர்களிடம் 'நில' என்றொரு சாஸ்திரம் உண்டு. உடம்பில் குறித்த ஒரு புள்ளியைத் தொட்டால், அழுத்தினால் வேறோரிடத்தில் என்ன நடக்கும் என்பதைச் சொல்வது அது. தமிழ்ச் சித்த மருத்துவத்தின் வர்மத்துக்கு உறவு. கண்டிப் பெரஹராவில் யானைகளை நடத்திப் போகும் பாகர்களுக்கும் இந்த அறிவின் ஒரு பகுதி தேவை. யானை உடம்பின் நிலப் புள்ளிகளை அங்குசத்தால் தொட்டுத்தான் அத்தனை பெரிய உயிரை நிற்கவும் திரும்பவும் மண்டியிடவும் வைக்கிறார்கள். நரம்பு என்ற சொல்லை யாரும் இன்றைய பொருளில் அறிந்திராத காலத்திலும், தோலின் மேல் ஓரிடத்தைத் தூண்டினால் உள்ளே வேறொன்று மாறும் என்பதை இந்த ஊர் அறிந்திருந்தது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. புதிய சிகிச்சை நமக்குப் புரியாத மாயம் ஒன்றும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

தோட்டத்து மக்களின் கதை வேறு. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து படகேறியும் நடந்தும் வந்தவர்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக நட்ட பிறகு, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவர்கள். அந்தக் கூடையைத் தாங்கியது தலைதான். கயிறு மண்டையைச் சுற்றி வரும். பாரம் முதுகில் தொங்கும். இழுப்பு முழுவதும் நெற்றியிலும் உச்சியிலும் கழுத்திலும் விழும். தலையை வெளியிலிருந்து அழுத்தும் பொருளால் வரும் தலைவலிக்கு, உலகத் தலைவலி வகைப்பாட்டில் தனி இடமே கொடுத்திருக்கிறார்கள். காலையில் வெறுந்தேத்தண்ணியோடு மலையேறி, பனியும் வெயிலும் மாறி மாறி அடிக்க, தண்ணீர் குடிக்காமல், நேரத்துக்குச் சாப்பிடாமல் கொழுந்து பறித்த பெண்ணுக்கு ஒற்றைத் தலைவலி உள்ளபடியே இருந்திருந்தால், அதைக் கிளப்பிவிட இதைவிட வேறொன்றும் வேண்டியதில்லை.

வீட்டு வைத்தியம் கைநிறைய இருந்தது. சுக்கை உரசி நெற்றியில் பற்றுப் போடுவார்கள். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பார்கள். கொத்தமல்லி அவித்த தண்ணி கொடுப்பார்கள். தும்பைச் சாறு மூக்கில் விடுவதும் உண்டு. ஒன்றுக்கும் கேட்காவிட்டால் கோடாங்கி வருவார். கண்ணூறு கழிப்பார்கள், திருநீறு மந்திரித்துப் போடுவார்கள், கையில் நூல் கட்டுவார்கள். சிங்கள அயலவர் வீட்டில் அதே வேலையைத் தொவில் என்ற சடங்கு செய்தது. பிறகு சித்தாலேபவும் கோடாலித் தைலமும் வந்து எல்லா வீட்டு அலுமாரியிலும் இடம்பிடித்தன. அவற்றை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. இத்தகைய தைலங்களில் உள்ள மென்தோல், தோலில் குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. எந்தப் புரதத்தின் வழியாக அது நடக்கிறது என்பது 2002இல் கண்டறியப்பட்டது. வெப்பத்தையும் தொடுகையையும் உடல் எப்படி உணர்கிறது என்ற அந்த ஆராய்ச்சித் துறைக்கே 2021இன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நெற்றியில் தைலம் தேய்த்த ஒவ்வொருவரும், தெரியாமலேயே, ஒரு நரம்பைத் தூண்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் இல்லாமற்போனது மருந்தைவிட, நோயாளியின் சொல்லில் நம்பிக்கை. தலைவலியை யாருக்கும் காட்ட முடியாது. காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம், காலில் வெட்டு என்றால் இரத்தம் தெரியும். தலையைப் பிடித்துக்கொண்டு லயத்துக் காம்பராவில் இருட்டில் படுத்திருக்கும் பெண்ணைப் பார்த்து, வேலைக்குப் போகச் சோம்பல் என்றார்கள். பாதி நாளில் மலையை விட்டு இறங்கினால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். தோட்டத்து டிஸ்பென்சரியில் வெள்ளைக் குளிசை இரண்டு கிடைக்கும். குமட்டி வாந்தி எடுத்தால் பித்தம் என்று முடிந்துவிடும். இன்று அதே அறிகுறிகளைச் சேர்த்து வைத்தியர்கள் நோயின் இலக்கணமாக எழுதியிருக்கிறார்கள். நான்கு மணித்தியாலம் முதல் மூன்று நாள் வரை நீடிப்பது, பெரும்பாலும் ஒரு பக்கம் துடிப்பது, நடந்தால் கூடுவது, வெளிச்சமும் சத்தமும் பொறுக்காதது, குமட்டுவது. அவள் இருட்டில் படுத்திருந்தது சோம்பலால் அல்ல. அதுவே அந்த நோய்.

நோயின் இடத்தையும் இப்போது சரியாகச் சொல்ல முடிகிறது. முகத்துக்கும் நெற்றிக்கும் உணர்ச்சி கொடுப்பது முக்கிளை நரம்பு. பிடரிக்கு உணர்ச்சி கொடுப்பவை கழுத்தின் மேற்பகுதியிலிருந்து புறப்படும் நரம்புகள். இந்த இரண்டு வழிகளிலும் வரும் செய்திகள் மூளைத்தண்டின் அடியில், கழுத்துத் தண்டுவடம் தொடங்கும் பகுதியில் ஒரே இடத்தில் கலக்கின்றன. கழுத்தில் தொடங்கிய வலி கண்ணுக்குப் பின்னால் போய்க் குத்துவது இதனால்தான். பிடரியில் கொடுக்கும் சிகிச்சை நெற்றிவலியைக் குறைக்கக்கூடும் என்பதற்கும் இதுவே அடிப்படை. 1965இல் ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்ற இருவர் வெளியிட்ட கோட்பாடு இந்தத் துறைக்கே வழி திறந்தது. தொடுகை, அழுத்தம், அதிர்வு ஆகியவற்றைக் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகள் விழித்திருந்தால், வலியைக் கொண்டுவரும் மெல்லிய இழைகளுக்குத் தண்டுவடத்தில் வாசல் சாத்தப்படும் என்றார்கள். முழங்கால் இடித்துக்கொண்ட பிள்ளை உடனே அந்த இடத்தைத் தேய்ப்பது இதற்காகத்தான். கோட்பாட்டின் சில நுணுக்கங்கள் பிறகு திருத்தப்பட்டன. ஆனாலும் வலியை மின்னால் அடக்கலாம் என்ற துணிச்சல் அங்கிருந்து வந்தது.

துணிச்சல் புதிது, முயற்சி பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோம வைத்தியர், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின் திருக்கை மீனை வலிக்கும் இடத்தில் வைத்து, அந்த இடம் மரத்துப்போகும்வரை பிடித்திருக்கச் சொன்னார். அதற்குப் பிறகு நெடுங்காலம் மின் வைத்தியம் பாதி வைத்தியமாகவும் பாதி வேடிக்கையாகவும் அலைந்தது. 1967இல் தண்டுவடத்தின் மேல் மின்முனை வைத்து வலியை அடக்கும் அறுவைச் சிகிச்சை அமெரிக்காவில் தொடங்கியது. 1999இல் டல்லாஸ் நகரத்து ரிச்சர்ட் வைனர், கென்னத் ரீட் இருவரும் பிடரி நரம்பின் மேல் தோலுக்கடியில் மின்கம்பி பொருத்திய அனுபவத்தை வெளியிட்டார்கள். இத்தாலியின் மிலானில் மூளையின் ஆழத்திலேயே மின்முனை வைத்து, கொத்துத் தலைவலி என்ற கொடுமைக்குச் சிகிச்சை செய்தார்கள். ஒரு கண்ணைச் சுற்றி, கால் மணித்தியாலம் முதல் மூன்று மணித்தியாலம் வரை, ஒரே நாளில் பல தடவை வரும் அந்த வலியில் நோயாளி படுக்கவும் முடியாமல் நடந்துகொண்டே இருப்பார். மூளைக்குள் மின்முனை வைக்கும் அவ்வளவு பெரிய ஆபத்தை மனிதர் ஏற்றுக்கொண்டார்கள் என்றால் வலி எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள்.

தோலுக்கடியில் வைக்கும் கருவிக்குச் சிக்கல்கள் உண்டு. கம்பி இடம் நகரும், கிருமி தொற்றும், மின்கலம் தீரும். 2021இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்று பிடரி நரம்புத் தூண்டலைச் சோதிக்க 150 கொத்துத் தலைவலி நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. வேறு எந்த மருந்துக்கும் கேட்காதவர்கள் அவர்கள். ஒரு சாராருக்கு முழு அளவு மின்னும் மறுசாராருக்குக் குறைந்த அளவும் கொடுத்தார்கள். மொத்தத்தில் வாராந்தத் தாக்குதல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஆனால் இரு சாராருக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. குறைந்த மின்னே போதுமா, அல்லது சிகிச்சை பெறுகிறோம் என்ற நம்பிக்கையின் பங்கும் அதில் இருந்ததா என்ற கேள்வி முடியவில்லை. மின் சிகிச்சையைச் சோதிப்பதில் உள்ள தனிக் கடினம் இது. விறுவிறுவென்ற உணர்வு இருக்கிறதா இல்லையா என்பது நோயாளிக்கே தெரிந்துவிடுகிறது.

சாதாரண மனிதருக்கு உண்மையான மாற்றம் அறுவை தேவைப்படாத கருவிகளோடு வந்தது. பெல்ஜியத்தில் உருவான செஃபலி என்ற நெற்றிக் கருவிக்கு 2014 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. ஒற்றைத் தலைவலி வராமல் தடுப்பதற்கென்று அங்கே அனுமதி பெற்ற முதற்கருவி அது. நாளுக்கு 20 நிமிடம் நெற்றியில் ஒட்டிக்கொண்டால் போதும். அதற்கு முந்திய பெல்ஜிய ஆய்வில் 67 பேர் பங்குகொண்டார்கள். மூன்று மாதத்தின் பின், உண்மைக் கருவி அணிந்தவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு ஒற்றைத் தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தன. போலிக் கருவி அணிந்தவர்களில் அப்படிக் குறைந்தது நூற்றுக்கு 12 பேருக்கு. இது எல்லோரையும் குணமாக்கும் எண்ணிக்கை அல்ல. பத்தில் ஆறு பேருக்கு அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. ஆனால் ஈரலையும் சிறுநீரகத்தையும் தொடாமல் இந்த அளவு நன்மை தரும் ஒன்றை நான் சிறிதாக நினைக்கமாட்டேன். பின்னர் கழுத்தில் வேகசு நரம்புக்கு மேல் வைக்கும் கைக்கருவி வந்தது. 2019இல் மேற்கையில் கட்டிக்கொள்ளும் நெரிவியோ என்ற கருவிக்கு அனுமதி கிடைத்தது. கைப்பேசியால் இயக்கி 45 நிமிடம் வைத்திருப்பது. கையில் கொடுக்கும் தூண்டல் மூளையின் சொந்த வலியடக்கும் அமைப்பை எழுப்புகிறது என்பது அதன் அடிப்படை. 2023இல் ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட டொக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இதை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பாக்கு நீரிணையின் மறுகரைவரை வந்துவிட்டது.

நம் நாட்டுக்கும் இந்த எண்ணம் அந்நியமல்ல. 1970களிலிருந்து கொழும்புக்கு அருகே களுபோவில வைத்தியசாலையில் பேராசிரியர் அன்ரன் ஜயசூரிய அக்குபங்சர் சிகிச்சையை இலவசமாகக் கொடுத்து, வெளிநாட்டு வைத்தியர்களையும் கற்க வரவழைத்தார். ஊசியில் மின்னைச் செலுத்துவதும் அந்த மருத்துவத்தின் ஒரு பகுதி. தோலில் மின்முனை ஒட்டி வலியைக் குறைக்கும் கருவி இன்று இயன்மருத்துவப் பிரிவுகளில் சாதாரணம். இடுப்புவலி, முழங்கால்வலி என்று போனவர்கள் பார்த்திருப்பார்கள். அதே கருவியை வீட்டில் வாங்கிவந்து தலையிலும் தொண்டைப் பக்கத்திலும் ஒட்டிப் பார்க்காதீர்கள். கழுத்தின் முன்பக்கத்தில் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பாதிக்கும் நரம்புகள் இருக்கின்றன. தலைவலிக் கருவி வேறு, அதன் மின் அளவு வேறு.

இனி இன்றைய கண்டிக்கு வருகிறேன். கலஹா, தெல்தோட்டை, புஸ்ஸல்லாவை, ஹந்தானை எங்கிருந்து பஸ் ஏறினாலும் கண்டிப் புகையிரத நிலையப் பக்கம் இறங்கி நடந்து தேசிய வைத்தியசாலைக்குப் போய்விடலாம். நாட்டின் இரண்டாவது பெரிய வைத்தியசாலை அது. நரம்பியல் வைத்திய நிபுணர்கள் இருக்கிறார்கள். அருகே பேராதனையில் மருத்துவ பீடமும் போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. கிளினிக் கொப்பியோடு போனால் பணம் கேட்காமல் பார்த்து, தடுப்பு மருந்து எழுதித் தருவார்கள். புரப்ரனலோல், அமிட்ரிப்டிலின் போன்ற பழைய, மலிவான குளிசைகள் ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதில் நல்ல பலன் தருபவை. பிடரி நரம்பில் மரப்பு ஊசி போடும் முறையும் உலகெங்கும் பயன்படுகிறது. பெரிய இயந்திரம் எதுவும் அதற்கு வேண்டாம். நூறு ஆண்டுகளுக்கு முன் லயத்தில் கிடந்தவளுக்கு இதில் ஒன்றுமே இல்லை. இந்த மாற்றத்தை நான் நன்றியோடு பார்க்கிறேன்.

ஆனால் கிளினிக்குக்குப் போகிறவர்கள் குறைவு. போகாதவர்களின் கைப்பையில் பனடோல் அட்டை இருக்கிறது. என் சின்னம்மா ஒருவர் அது இல்லாமல் வாசல் தாண்டமாட்டார். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, வலி வந்தாலும் வருமோ என்று தோன்றினாலும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பரசிட்டமோல் விழுங்குவது மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், அந்த மருந்தே தலைவலியை உண்டாக்கக்கூடும். இது வைத்திய உலகில் ஐயமற நிறுவப்பட்டது. அதைச் சொன்னபோது சின்னம்மா நம்பவில்லை. மருந்து எப்படி நோயாகும் என்று கேட்டார். நிறுத்திய முதல் வாரங்களில் வலி கூடியது, பிறகு குறைந்தது. அன்று நம்பிக்கையில்லாமையால் துன்பப்பட்டோம். இன்று குளிசையின் மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கையால் துன்பப்படுகிறோம்.

மருந்தை மட்டுமே நம்பியிருப்பதன் இன்னோர் ஆபத்தையும் இந்த ஊர் கண்டது. பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்த பேராசிரியர் சேனக பிபிலேயின் சிந்தனையில் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம், 1970களிலிருந்து ஏழைக்கும் எட்டும் விலையில் மருந்து கொண்டுவந்தது. அதே பேராதனையின் போதனா வைத்தியசாலை 2022 மார்ச்சில், மருந்துத் தட்டுப்பாட்டால், திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைகளை நிறுத்த வேண்டிவந்தது. டொலர் இல்லை, மருந்து இல்லை. நெற்றியில் ஒட்டும் மின்கருவியை ஒருமுறை வாங்கினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஒட்டும் பட்டையை மட்டும் மாற்றினால் போதும். கர்ப்பிணி, வேறு மருந்து ஒத்துக்கொள்ளாதவர், ஏற்கெனவே குளிசை கூடிப்போனவர் ஆகியோருக்கு இது எவ்வளவு பெரிய வழி என்று வைத்தியர்கள் எடைபோட்டுப் பார்க்கலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர் போன்றோருக்கு இது ஆகாது.

விலைதான் தடை. நெற்றிக் கருவி சில நூறு டொலர். ஒரு டொலர் ஏறக்குறைய 300 ரூபா என்று வைத்தால் ஒரு லட்சம் ரூபா அளவில் வருகிறது. தோட்டத் தொழிலாளிக்கு 2021இல்தான் நாட்சம்பளம் 1000 ரூபாவானது. 2024இல் 1350 ஆனது. அந்தச் சம்பளத்தில் ஒரு நாளும் விடாமல் பேர் விழுந்தாலும், கருவியின் விலை இரண்டரை மாதக் கூலி. இந்தக் கருவிகள் நம் இலவச வைத்தியத்தின் வழக்கமான பகுதியாக இன்னும் ஆகவில்லை. தனியாரிடம் வாங்கும் வசதி உள்ளவருக்கு மட்டும் இது போய்ச் சேருமானால், அன்று கூடை சுமந்தவளின் பேத்திக்கு மாறியது எதுவும் இல்லை.

ஆகவே என் கோரிக்கை பெரியதல்ல. கண்டியிலோ பேராதனையிலோ நரம்பியல் கிளினிக்கில் சில கருவிகளை வாங்கி வையுங்கள். நூலகத்தில் புத்தகம் கொடுப்பது போல, தகுந்த நோயாளிக்கு மூன்று மாதம் இரவல் கொடுங்கள். பலன் உண்டா என்று கொப்பியில் எழுதி, இல்லாதவரிடமிருந்து திரும்பப் பெற்று அடுத்தவருக்குக் கொடுங்கள். நம் மக்களுக்கு இது பலிக்கிறதா என்ற கேள்விக்கும் பேராதனையே விடை தரலாம். ஊரில் உள்ள வசதியானவர்கள், கோயில் பரிபாலன சபைகள், வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் இதற்குக் கைகொடுக்கலாம்.

தலைவலிக்காரருக்கும் ஒரு சொல். திடீரென்று இடி விழுந்தாற்போல் வந்த வலி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வந்த வலி, கைகால் விளங்காமல் அல்லது பேச்சுக் குழறி வந்த வலி, தலையில் அடிபட்ட பின் வந்த வலி, ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறை வந்த வலி, இவற்றில் எதற்கும் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்ற வலிகளுக்கு ஒரு சின்னக் கொப்பி போதும். எந்த நாள் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை குளிசை போட்டீர்கள் என்று எழுதுங்கள். ஒரு மாதம் எழுதிய பின் அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.